ஓசூரில் பார்த்த படம்

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அப்பா சொல்வதை அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மா சொல்வதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீடு ஓர் அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். அடுப்படியில் நின்று அம்மா "உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது" என்றால் அது அப்பாவின் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் அவர் அசைய மாட்டார். நான் எழுந்து, திரையை விலக்கி வந்து, "அப்பா, சோறு ஆறுதாம்" என்று சொன்னால்தான் செய்தி வந்து சேர்ந்ததாக அர்த்தம். அதற்குப் பிறகே "வரேன்னு சொல்லு" என்பார். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் செய்திகள் தேங்கிவிடும். அப்பாவின் வார விடுமுறையன்று ஒருமுறை, நான் கிளம்பிப் போனதும் கேஸ் தீர்ந்துவிட்டது. இருவரும் பன்னைத் தின்று தண்ணீரைக் குடித்துவிட்டு, சாயங்காலம் நான் வந்து பையை இறக்கி வைக்கும்வரை காத்திருந்தார்கள்.

எனக்கு அதில் பெருமைதான். சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கோபமாகச் சொன்னால் நானும் கோபமாகவே சொல்வேன். அதற்காகச் சில சமயம் இரண்டு பக்கமும் திட்டு விழும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. அம்மாவின் ஊர், எல்லோரும் கே.ஜி.எஃப் என்று சொல்லும் கோலார் தங்கவயல். சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். அம்மாவின் தம்பியான என் மாமாவும் அப்படித்தான். அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. முறைப்படி அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகையை வைத்து, அந்த வீட்டு மாப்பிள்ளையான அப்பாவை அழைத்திருக்க வேண்டும். மாமா வேலை பார்த்த கார்மெண்ட்ஸ் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. "நாளைக்கு காலைல கண்டோன்மெண்ட் ஸ்டேஷன்ல நில்லுங்க மாமா, குடுத்துடறேன்" என்று அப்பாவுக்குப் போன் செய்தார்.

அப்பாவும் போய் நின்றார். ரயில் வந்தது. கூட்டம் பிதுங்கி வழிய, மாமா வாசற்படியில் தொங்கிக்கொண்டிருந்தார். இறங்கினால் மறுபடி ஏற முடியாது. வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நகரத் தொடங்கிய ரயிலிலிருந்து இடது கையால் பத்திரிகையை நீட்டினார். அப்பா கூடவே ஓடிப்போய் வாங்கினார்.

வீடு வந்து சேர்வதற்குள் அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பிச்சைக்காரனுக்குக் கூட சோத்துக் கையாலதான் போடுவாங்க. உன் தம்பி எனக்கு பீச்சாங்கையால குடுக்கறான்" என்றார். "சோத்துக் கைய விட்டிருந்தா தண்டவாளத்துல கெடந்திருப்பான், அது பரவால்லையா?" என்றாள் அம்மா. இரண்டு பேர் பேச்சும் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை.

நானும் அம்மாவும் மட்டும் போனோம். பந்தலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை எங்க?" என்பதுதான். அம்மா ஒவ்வொருவரிடமும் "நைட் ஷிப்ட்" என்றாள். அவர்களும் நம்பியது போலவே தலையாட்டினார்கள். நம்பாமல் இரண்டு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். திரும்பி வந்த அன்றைக்குப் பூட்டிய வாய்தான்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அம்மா கே.ஜி.எஃப்பில் இருக்கும் சித்தியிடம் போனில் பேசியதை நான் கேட்டுவிட்டேன். "தசரா லீவு விடட்டும். பிள்ளைய இட்டுக்கினு அங்கயே வந்துடறேன். அங்கயே ஸ்கூல்ல சேத்துக்கலாம். இந்த ஊரும் வேணாம், இந்த ஆளும் வேணாம்." இந்தச் செய்தியை யாரும் என்னிடம் கொடுத்து அனுப்பவில்லை. கொடுக்காத செய்தியை எப்படிக் கொண்டுபோவது? அப்பா இல்லாத ஊரில் இருக்கப்போகிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. அப்பா பக்கத்தில் உட்காரும்போது காரணமில்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அவர் "என்ன பாப்பா, எதுனா வேணுமா?" என்று கேட்பார்.

இந்த லட்சணத்தில்தான் ஓசூரிலிருந்து அத்தை போன் செய்தார். அத்தை அப்பாவின் அக்கா. ஒரு படம் வந்திருக்கிறது, குடும்பப் படம், மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தே ஆக வேண்டும் என்றார். அப்போது காவிரித் தண்ணீர்த் தகராறு முடிந்து எல்லையில் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. பெங்களூர் தியேட்டர்களில் தமிழ்ப் படம்தான் இன்னும் ஓடவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் எங்கள் தெருவில் ஆசைப்பட்டவர்கள் பஸ் ஏறி ஓசூருக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவது வழக்கம்தான். அப்பாவுக்கு அக்கா சொல்லைத் தட்ட முடியாது. அம்மாவுக்கு நாத்தனார் சொல்லைத் தட்ட முடியாது. "உங்கப்பாகிட்ட சொல்லு, பத்து மணிக்கெல்லாம் ரெடியா இருக்கணும்னு" என்று ஆரம்பித்தது அந்த ஞாயிறு.

அத்தை எங்களோடு வரவில்லை. கால் வலி என்று சொல்லி, கையில் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து எங்களை மட்டும் தியேட்டருக்கு அனுப்பினார். வழக்கம்போல நான் நடுவில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது.

அந்தப் படத்தின் நாயகனை அதற்கு முன் நான் டிவியில் பார்த்திருந்தேன். இருபது பேரை ஒரே நேரத்தில் பறக்க விடுகிறவர். இதில் அவர் நரைத்த மீசையோடு ஒரு சின்ன ஊரில் மின்சார லைன்மேனாக வந்தார். யாராவது அடி வாங்குவார்கள் என்று முதல் அரைமணி நேரம் காத்திருந்தேன். ஒருவரும் வாங்கவில்லை. அவருக்கு மனைவியாக நடித்தவர் பல வருடங்கள் கழித்துத் திரும்ப நடிக்க வந்தவர் என்று அம்மா பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தார்கள். அவர் சொல்ல வேண்டியதைத் தன் ஸ்கூட்டரிடம் சொல்வார். அந்த அம்மாள் சொல்ல வேண்டியதைச் சோற்றுப் பானையிடம் சொல்வார். "அரிசி வாங்கி வந்தா பொங்கும், வாங்காட்டி நீ சும்மா உக்காரு" என்று பானையைத் திட்டியதும் தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், என் இரண்டு பக்கத்திலும் சிரிப்பு இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்கள் வீட்டு விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? பிள்ளைக்குப் பதிலாகப் பானையை வைத்துவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தார்களா? அத்தைதான் சினிமாக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அதன் பிறகு நான் அதைப் படமாகவே பார்க்கவில்லை. இனி என்ன நடக்கும் என்பது அந்தத் திரைக்குத்தான் தெரியும் என்று கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காட்சி. மழை. கணவரின் ஸ்கூட்டர் சத்தம் தெருக்கோடியில் கேட்டதும் அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல்லைப் போடுவது அந்த அம்மாளின் வழக்கம். அன்று சத்தம் வரவில்லை. கம்பத்தில் ஏறப் போனவர் வரவில்லை. அந்த அம்மாள் அடுப்பை மூட்டுகிறார். தணிக்கிறார். அணைக்கிறார். மறுபடி மூட்டுகிறார். அழவில்லை, வாசலுக்கு ஓடவில்லை, சாமி படத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தீயின் வெளிச்சம் முகத்தில் ஏறி ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். தியேட்டரில் யாரும் மூச்சுவிடவில்லை. தூரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அந்த முகத்தில் ஒரு நொடி என்னவோ வந்தது. வந்த வேகத்தில் அதைத் துடைத்து எடுத்துவிட்டு, பழைய கல் முகத்தோடு மாவை ஊற்றினார். எங்கள் பின் வரிசையில் ஒரு பெண் "அடி என் தாயே" என்று வாய்விட்டுச் சொன்னார். இத்தனை வருடத்தில் எவ்வளவோ படம் பார்த்துவிட்டேன். ஒன்றுமே செய்யாமல் நின்று ஒரு கூட்டத்தை அப்படிக் கட்டிப்போட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

நாயகனும் லேசுப்பட்டவர் இல்லை. அவருக்குக் காய்ச்சல் வருகிறது. மனைவி கஞ்சியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறார். குடித்து முடித்த மனிதர், வாழ்நாளில் சாப்பிட்ட தட்டை எடுத்தறியாதவர், எழுந்துபோய் அதைக் கழுவுகிறார். காட்சி முழுக்க நமக்குத் தெரிவது அவருடைய முதுகு மட்டும்தான். முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனிதர் வெட்கப்பட முடியுமா? அவர் வெட்கப்பட்டார். கழுவியதைத் தப்பான இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். காலையில் மனைவி பார்க்கிறார். தட்டின் விளிம்பில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே தட்டில் தனக்குச் சோறு போட்டுக்கொள்கிறார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பா கையில் இருந்த முறுக்கை உடைக்காமலே வைத்திருந்தார்.

படத்தின் கடைசியில் அவர்கள் மகள் கல்யாணம். இருவரும் ஜோடியாக நின்று தாரை வார்க்க வேண்டும். கணவர் வருவாரா மாட்டாரா என்று ஊரே பார்க்க, அவர் வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணம் முடிந்து ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார், கூப்பிடவில்லை. அந்த அம்மாள் போய்ப் பின்னால் உட்கார்ந்தார். படம் முடிந்துவிட்டது. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். சண்டையே இல்லாத படத்துக்கு இவ்வளவு கைதட்டலா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். பெண்களுக்கு முன்பக்கம், ஆண்களுக்குப் பின்பக்கம். அம்மாவும் நானும் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அப்பா கடைசி வரிசைக்குப் போய்விட்டார். தண்ணீர் பாட்டில் அவரிடம் இருந்தது. அத்திப்பள்ளி தாண்டியதும் எனக்குத் தாகம் எடுத்தது. கால்களுக்கு இடையில் புகுந்து போய்க் குடித்தேன். மூடியைத் திருகிக்கொண்டே அப்பா, "உங்கம்மாவ கேளு, படம் எப்படி இருந்துச்சுன்னு" என்றார்.

நான் அவரை ஒரு மாதிரி பார்த்தேன். சோறு, கேஸ், பால், கரண்ட் பில் தவிர வேறு எதையும் நான் சுமந்ததில்லை. அவசியமில்லாத செய்தி ஒன்று என் கையில் கொடுக்கப்படுவது அதுவே முதல் தடவை. போய்க் கேட்டேன். அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மா நல்லா நடிச்சாங்க, சொல்லு" என்றாள்.

கொண்டுபோனேன். "ஆமா. அந்த அடுப்புகிட்ட நிக்கறப்ப எனக்கே தாங்கல, சொல்லு" என்றார் அப்பா. கொண்டுவந்தேன். "அந்தாளும் நல்லாதான் நடிச்சாரு. தட்டு கழுவுனாரே." கொண்டுபோனேன். சந்தாபுரா வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கண்டக்டர் என்னை வழியில் நிறுத்தி, குழந்தையைக் கொஞ்சும் கன்னடத்தில், "ஏன் மரி, நீனு கண்டக்டரா, நானு கண்டக்டரா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் என்ன சிரிப்பு?

அடுத்ததாக அம்மா சொன்னாள்: "எல்லாத்தையும் விட, கல்யாணத்துக்கு வந்து நின்னாரு பாரு, அதான் பெருசு. அத சொல்லு."

சொன்னேன். அப்பா பாட்டில் மூடியைத் திறந்தார், மறுபடி திருகினார். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். ஒரு ஸ்டாப்பில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பதில் இல்லாமல் திரும்பிப் போவது என் வழக்கமில்லை. கடைசியில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"அந்தாளுக்கு வரணும்னுதான் இருந்துச்சு. குளிச்சு, சட்டையெல்லாம் மாட்டிக்கினு, போன பக்கத்துல வச்சுக்கினு உக்காந்துட்டுதான் இருந்தாரு. ஒரு போன் வந்திருந்தா ஓடி வந்திருப்பாரு. அப்படின்னு சொல்லு."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. "அப்பா, படத்துல அப்படி வரலயே?"

"வந்துச்சு. நீ தூங்கிட்ட."

நான் தூங்கவில்லை. ரோஷமாக இருந்தது. ஆனாலும் வேலை வேலைதான். அம்மாவிடம் வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிட்டு, "ஆனா படத்துல இது இல்லம்மா, அப்பா சும்மா சொல்றாரு" என்று என் கருத்தையும் முதல் தடவையாகச் சேர்த்துக்கொண்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். தீ ஏறி இறங்கிய அந்த முகத்தைத்தான் அப்போது மறுபடி பார்த்தேன். "என்ன சட்டைன்னு கேளு" என்றாள்.

திரும்பப் போனேன். "நீலக் கோடு போட்டது. அந்தக் கல்யாணத்துக்குன்னே அந்தம்மா எடுத்து வச்சாங்களே, அதான். போட்டுக்கினு இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தாரு. அப்புறம் இருந்த மாதிரியே மடிச்சு வச்சுட்டாரு" என்றார் அப்பா.

அதையும் கொண்டுவந்து சேர்த்தேன். அம்மா எழுந்தாள். "நீ இங்கயே உக்காரு. இனிமே நான் போய் பேசிக்கறேன்."

அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனாள். அம்மா பஸ்ஸில் பின்பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து இடம் விட்டார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன், அதனால்தான் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைவிடப் பயம், பின்னாலிருந்து வந்த சத்தம். "போன் நான் பண்ணணுமா? மேடையில நின்னுக்கினு? எத்தினி பேருக்கு பதில் சொன்னேன் தெரியுமா?" என்று அம்மா கத்தினாள். "வான்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்று அப்பாவும் கத்தினார். இத்தனை நாள் பேசாமலாவது இருந்தார்கள். இப்போது நேருக்கு நேர் சண்டை. இனி கே.ஜி.எஃப்தான், சந்தேகமே இல்லை என்று நான் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். கண்டக்டர் குனிந்து என்னைப் பார்த்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

சாந்திநகரில் இறங்கியபோதும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த அம்மாள் ஸ்கூட்டரில் போய் உட்கார்ந்தது சரியா, அவர் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்க வேண்டாமா என்று வீடு வரைக்கும் வாக்குவாதம். வீட்டுக்கு வந்ததும் அப்பா தானாகவே போய்த் திரைக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் பள்ளிக்கூடப் பையைக் காலி செய்து, என் கவுன்களையும் பாவாடையையும் அதில் அடுக்கினேன். அம்மா உள்ளே வந்து பையைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு துணியாக எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, அந்த அணைப்பிலிருந்தபடியே அப்பாவோடு சண்டையைத் தொடர்ந்தாள்.

தசரா லீவுக்கு மூன்று பேருமாகவே கே.ஜி.எஃப் போனோம். மாமா வாசலிலேயே நின்று, வெற்றிலை பாக்குத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவை வரவேற்றார். அப்பாவும் இரண்டு கையாலும் வாங்கினார். என்னை அங்கே எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை.

பொங்கலுக்கு அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். அம்மா முன்கூட்டியே சமையலை முடித்துவிட்டாள். அப்பா பண்டிகைச் சட்டையோடு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அடுப்புக் காட்சி வந்தபோது மறுபடியும் எங்களுக்கு மூச்சு நின்றது. தட்டு கழுவும் காட்சியில் அம்மா அப்பாவைப் பார்த்து என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் ஒரே பிடியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை தூங்கிவிட்டதாக யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது. குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு அவர் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சி இதோ வரும், இதோ வரும் என்று கடைசிவரை பார்த்தேன். வரவே இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, அவருடைய சட்டையின் நீலக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே புகார் சொன்னேன்:

"டிவிக்காரங்க அந்த சீன வெட்டிட்டாங்கப்பா."